பழைய செட்டு, புது செட்டு, பழனியம்மா அக்காவின் காது

டிரம்ஸ் வாசிப்பவனுக்கு மேடையில் கடைசி இடம், திட்டு வாங்குவதில் முதல் இடம். நீங்களும் பின்வரிசைத் தொழில் எதையாவது பார்த்தவர் என்றால் மேலே படியுங்கள், ஆறுதலாக இருக்கும்.

கொல்லிமலை செம்மேட்டில் எங்கள் இன்னிசைக் குழு. பாடுபவர் பழனியம்மா அக்கா. கொஞ்ச காலமாக அவருக்குக் காது மங்கிக்கொண்டு வந்தது. முகம் பார்த்துப் பேசினால் சமாளித்துவிடுவார். மேடை இரைச்சலில் தாளம் தொலைந்துபோகும். வெளியே தெரிந்தால் பாட அழைக்க மாட்டார்கள். நான் கண்டுகொண்ட அன்று அவர் உதட்டில் விரலை வைத்தார். நானும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

பழையது

எங்கள் பழைய டிரம் செட்டில் மர உருளையின் விளிம்பு மழுங்கி உருண்டிருக்கும். தோல் அதன்மேல் அகலமாகப் படுத்துக்கொள்ளும். அடித்தால் உருண்டையான, கதகதப்பான ஒலி, பிறந்ததும் அடங்கிவிடும். எனக்கு அது நாதம். அரியூர் நாட்டில் (எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு) ஒரு கல்யாணத்தில் அந்த நாதம் அக்காவை எட்டவில்லை. பல்லவியை ஒரு தட்டு தாமதமாக எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். குற்றம் என் தலையில் விழுந்தது, நல்லவேளை. பெண்ணின் மாமன் மேடையோரம் வந்து கேட்டார்: "ஏனுங்க, மோளம் தூங்குதுங்களா?"

புதியது

குழுவின் முதலாளியும் கீபோர்டுக்காரருமான தங்கராசுவை நச்சரித்துப் புது செட்டு வாங்க வைத்தேன். இதில் விளிம்பு கத்திபோல் கூர்மை. தோல் அதைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். அதனால் ஒலி பளிச்சென்று கிளம்பும், நெடுநேரம் ரீங்கரிக்கும், ஊரையே எழுப்பும். குண்டூர் நாட்டுத் திருவிழாவில் அக்கா ஒரு தட்டுகூடப் பிசகவில்லை. பாடிக்கொண்டே சிரித்தார். ஆனால் அவர் குரல் முன்வரிசையைக்கூடத் தாண்டவில்லை. மைக்கைக் கூட்டினால் ஊளையிட்டது.

விழாக் கமிட்டிக்காரர் வந்து சொன்னார்: "பாட்டு கேக்கவே இல்லீங்க. அடிதான் கேக்குது. யாரு வாங்குறாங்கன்னுதான் தெரியல."

போர்வை

நானும் அக்காவும் நடுவழி ஒன்றைக் கண்டுபிடித்தோம். மேலே இருக்கும் சின்ன டிரம்களைத் துணி போட்டு அடக்கினேன். காலால் மிதித்து அடிக்கும் பெரிய பேஸ் டிரம்மை மட்டும் முழுச் சத்தத்தில் விட்டேன். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு அதை ஒட்டி நின்றார். மேடை பலகை. ஒவ்வொரு மிதியும் பலகை வழியாக அவர் உள்ளங்காலுக்குப் போனது. தாளம் காதுக்குரியது என்று யார் சொன்னது? புளியஞ்சோலைக் கச்சேரியில் அன்று அவர் பாடியதுபோல் அதற்கு முன் எப்போதும் பாடியதில்லை.

விஷயம் தெரியாத தங்கராசுவுக்கு அவர் நின்ற இடம்தான் உறுத்தியது. "அக்கா, டிரம்முக்குள்ளயே போயி ஒக்காந்துக்குங்க. மழ வந்தாலும் நனையாது!"

சிமெண்ட் மேடை

பிறகு ஒரு ஊரில் புதிதாகச் சிமெண்ட் மேடை கட்டியிருந்தார்கள். ஊருக்கே பெருமை. அக்கா ஏறி நின்றார், பாதத்தை ஒருமுறை தேய்த்துப் பார்த்தார், முகம் வெளுத்தது. சிமெண்ட் எந்த அதிர்வையும் கடத்தவில்லை.

முதல் பாட்டை மனக்கணக்கில் ஓட்டிவிட்டார். இரண்டாவதில் கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு முடிந்தது, நான் சிம்பல் தட்டைக் கையால் பிடித்து நிறுத்தினேன், தங்கராசு கீபோர்டிலிருந்து விரலை எடுத்தார். அக்கா இன்னொரு சரணம் பாடினார். தனியாக, சுருதி கொஞ்சமும் விலகாமல். கூட்டத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, அதுதான் தாங்கவில்லை. நான் குச்சியை எடுத்து அவரோடு சேர்ந்துகொள்வதற்குள் அவர் கண்ணைத் திறந்து எங்கள் கைகளைப் பார்த்துவிட்டார்.

சாமான்களை வேனில் ஏற்றும்போது தங்கராசு அவர் முன்னால் போய் நின்றார். "ஏனுங்கக்கா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்ல?"

அக்கா அவர் உதட்டைப் பார்த்து முடித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "யாரும் கேக்கலியே, சாமி."

அதன்பின் அவர் மேடை ஏறவில்லை; இப்போதெல்லாம் பழைய செட்டு நல்லதா, புதிது நல்லதா என்று யாராவது விசாரித்தால், யாருடைய காதுக்கு என்று திருப்பிக் கேட்டுவிடுகிறேன்.