மாட்டுங்கா ஃபைனலில் கை மாறிய காப்பு

ஃபைனல் தொடங்கப்போகிறது. வார்ம்-அப் முடித்து நிற்கிறோம். ரெஃப்ரி என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, அதில் கட்டிய மஞ்சள் கிழங்கு. "நிகாலோ" என்றார். கழற்றினால்தான் ஆட்டம். அது காப்பு. ஆடித் திருவிழாவுக்குத் தாராவியில் எங்கள் மாரியம்மன் சன்னிதியில் கட்டியது. தீச்சட்டி எடுத்து, விழா முடிந்து, பூசாரி அவிழ்க்கும் வரை அது கையை விட்டு இறங்கக் கூடாது.

என் பெயர் செல்வி. எங்கள் பகுதியிலிருந்து சம்பளத்துக்குப் பாஸ்கெட்பால் ஆடப்போன முதல் பெண் நான்தான். நல்ல உயரம், நல்ல கருப்பு. கிளப்பில் சேர்ந்த அன்றே போட்டோ எடுக்கும்போது என்னைப் பின்வரிசைக்குத் தள்ளினார்கள். எதிர் டீம் ஆட்கள் "காலி, காலி" என்று கத்துவார்கள். இந்தியில் கருப்பி என்று அர்த்தம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். எங்கள் அம்மனும் கருப்புதான், தைரியமிருந்தால் அவளிடம் போய்க் கத்துங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே பந்தைப் பிடுங்குவேன்.

போன வருடம் முட்டிச் சவ்வு கிழிந்தது. ஆபரேஷன் செய்த டாக்டரே இனி ஆடுவது சந்தேகம் என்றார். மறுபடி ஓட வை தாயே, தீச்சட்டி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். ஓட வைத்தாள். இந்த ஃபைனல் காப்புக் கட்டுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டியது. மழை கெடுத்துவிட்டது. தண்டவாளத்தில் தண்ணீர் நின்று ட்ரெயின் ஓடாததால், கோபர்கைரனேயிலிருந்து வரவேண்டிய டீம் வர முடியவில்லை. தள்ளிவைத்த மேட்ச் சரியாகத் திருவிழா வாரத்தில் வந்து விழுந்தது.

காப்புக்கு மேலே மணிக்கட்டுப் பட்டை போட்டு மறைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். கிழங்கு அடுத்தவள் கண்ணில் குத்தினால் யார் பொறுப்பு என்றார் ரெஃப்ரி. அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் கோச் கத்தரிக்கோலை நீட்டினார். இந்த மேட்சைப் பார்த்துத்தான் அடுத்த வருட டீமை எடுக்கிறார்கள், முட்டி சரியான பிறகு உன் ஆட்டத்தை யாரும் பார்க்கவில்லை, இன்று இறங்காவிட்டால் உன் பெயர் இருக்காது என்றார். நான் கத்தரிக்கோலை வாங்கவில்லை. பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

விசில் ஊதினார்கள். கண்ணை மூடிக்கொண்டேன். ஜெயிக்க வை என்று கேட்கவில்லை. உன்னையும் விடாமல் ஆட்டத்தையும் விடாமல் இருக்க ஒரு வழி காட்டு என்றுதான் கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. எதிர் டீம் பாஸ்கெட் மேல் பாஸ்கெட்டாகப் போட்டுக்கொண்டிருந்தது. முட்டியைத் திருப்பிக் கொடுத்தது இப்படி உட்கார வைக்கத்தானா என்று அம்மனிடமே சண்டைக்கு நின்றேன்.

இடைவேளையில் என் தோளில் ஒரு கை விழுந்தது. அம்மா. என் ஆட்டத்தை அவள் ஒருநாளும் வந்து பார்த்ததில்லை. வயசுப்பிள்ளை அரை டிராயரோடு ஓடுவதைப் பார்க்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தவள். காப்புக் கட்டினவர்கள் வெளியே சாப்பிடக் கூடாது என்பதால் டப்பாவில் சோறு கொண்டுவந்திருந்தாள்.

"என்னட்டி, வெளையாடாம உக்காந்திருக்க?"

நடந்ததைச் சொன்னேன். அவள் பூசாரிக்குப் போன் போட்டாள். ஒரே வீட்டு ஆள் விரதத்தையும் சட்டியையும் ஏற்றுக்கொண்டால் காப்பை மாற்றிக் கட்டலாம், ஆனால் அறுக்கக் கூடாது, தரையில் படக் கூடாது என்றார். அம்மா கையை நீட்டினாள்.

"எனக்குக் கெட்டு. சட்டி நான் எடுக்கேன்."

ஸ்டவ் வெடித்துக் கழுத்தெல்லாம் வெந்தவள் அவள். இன்றைக்கும் அடுப்பைப் பற்ற வைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வேண்டாம்மா என்றேன்.

"ஆத்தா கேட்டா எங்கிட்ட கேக்கட்டும்" என்றாள்.

வியர்வையில் முடிச்சு இறுகியிருந்தது. நகம் நுழையவில்லை. அதற்குள் இடைவேளை முடிந்து விசில் ஊதிவிட்டார்கள். கோச் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். அம்மா முந்தானையை என் கைக்கு அடியில் விரித்து, குனிந்து பல்லால் முடிச்சை இழுத்தாள். இளகியது. கிழங்கு முந்தானையில் விழுந்தது. அதை எடுத்து அவள் கையில் கட்டிவிட்டு ஓடினேன்.

அன்று நாங்கள் தோற்றோம், ஒரே ஒரு பாஸ்கெட்டில். ஆனால் நான் ஆடினேன். முட்டி ஒரு தடவைகூட இடறவில்லை. கூட்டத்தில் ஒருவன் "காலி" என்று கத்தினான். அம்மா எழுந்து நின்று அவனுக்குக் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது. அடுத்த வருட டீமில் என் பெயர் வந்தது.

சொன்னபடி அம்மா தீச்சட்டி எடுத்தாள். அழுதுகொண்டே குடத்துத் தண்ணீரோடு பின்னால் நடந்தேன். அவள் கையில் ஒரு கொப்புளம் இல்லை, என் கண்ணால் பார்த்தேன். இப்போது எங்கள் சந்துப் பெண்பிள்ளைகளும் என்னோடு கோர்ட்டுக்கு வருகிறார்கள்.

கேட்டும் கிடைக்கவில்லை என்று மனம் விட்டுப்போனவர்களே, இன்னொரு தடவை கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள். என் தாய் எனக்கு இரங்கினாள், உங்களுக்கும் இரங்குவாள். சந்தேகமிருந்தால் இந்த ஆடிக்குத் தாராவிக்கு வாருங்கள். சட்டியோடு முன்னால் நடப்பது நானாக இருக்காது. அம்மா இப்போதே சொல்லிவிட்டாள்.

"இந்த வருசமும் நாந்தான் எடுப்பேன். நீ போயி வெளையாடு."