இருபத்தைந்தாவது தலை

முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் தலை எண்ணிய மனிதருக்கு, ஓய்வு பெற்று முதன்முதலாக வெளிநாடு சுற்றிப் பார்க்கக் கிளம்பிய அன்று கணக்குப் பிசகியது.

விமான நிலையத்தில், கூட்டிப் போக வந்திருந்த கைடு பெண்தான் ஆரம்பித்து வைத்தாள். "ஐயா, நீங்க கண்டக்டரா இருந்தவராமே? கொஞ்சம் எண்ணிச் சொல்லுங்களேன். நான் எண்ண ஆரம்பிச்சாலே யாராவது வந்து பாத்ரூம் எங்கேன்னு கேட்டுடறாங்க."

கண்டக்டர் வழக்கப்படி வரிசையைப் பின்னாலிருந்து முன்னால், இரண்டு இரண்டாக எண்ணி வந்தார்.

"இருபத்தஞ்சு."

"இருபத்தி நாலுதான் ஐயா."

மறுபடி எண்ணினார். மறுபடியும் இருபத்தைந்து. அதே குழுவில் வந்திருந்த ஓய்வு பெற்ற கணக்கு டீச்சருக்கு வாய் சும்மா இருக்குமா? "உங்களையே ரெண்டு தடவை எண்ணியிருப்பீங்க அண்ணே. என் கிளாஸ்ல கடைசி பெஞ்சு பூரா இந்தத் தப்பைத்தான் பண்ணும்."

எல்லோரும் சிரித்தார்கள். கண்டக்டரும் சிரித்து வைத்தார். ஆனால் ஏழு மாதத்துக்கு முன்புவரை இந்தப் பயணப் பட்டியலில் இருபத்தைந்தாவதாக ஒரு பெயர் இருந்தது. அவர் சம்சாரத்தின் பெயர்.

இந்தப் பயணமே அவள் ஆசைதான். ஊரைவிட்டு நகராதவள், ஆனால் வெளிநாடு போய் வந்தவர்கள் யார் கண்ணில் பட்டாலும் விடமாட்டாள். நிற்க வைத்து விசாரித்து, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதிக்கொள்வாள். முதல் பக்கத்திலேயே இருந்தது: 'எல்லாரும் பெட்டியில சிவப்பு ரிப்பன்தான் கட்டுவாங்க. அதனால நீங்க கட்டாதீங்க.' அடுத்து: 'பாஸ்போர்ட்டை ரெண்டு நகல் எடுத்து, ஒண்ணு பெட்டியில, ஒண்ணு பையில வைக்கணும்.'

அவள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, அந்த நகல் எடுக்கத்தான் அவர் போயிருந்தார். ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடையில் மிஷின் பேப்பரை மென்று தின்றுகொண்டிருந்தது. "ஒரு நிமிஷம் சார், ஒரு நிமிஷம் சார்" என்று கடைக்காரர் இருபது நிமிடம் இழுத்தார். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டிருந்தார்கள். கையில் அவளுடைய முகம் இரண்டு பிரதி இருந்தது.

பணியில் இருந்த காலத்தில் ஒரு பயணியைக்கூட நடுவழியில் விட்டுவிட்டு வந்ததில்லை என்பது அவருடைய ஒரே பெருமை. எந்த ஊரில் வண்டி நின்றாலும், இறங்கியவர் ஏறிய பிறகுதான் 'ரைட்'. அப்படிப்பட்டவர் கூட வந்தவளை ஒரே ஒரு தடவை தனியாக விட்டார். மகள் பிடிவாதமாக அனுப்பி வைத்திராவிட்டால் இந்த விமானத்தில் ஏறியே இருக்கமாட்டார்.

போய் இறங்கிய இடத்தில், ஓடும் பட்டையில் சிவப்பு ரிப்பன் கட்டிய பெட்டிகள் மட்டும் பதினொன்று வந்தன. டீச்சர் யாரோ ஒருவருடைய பெட்டியை வாசல்வரை இழுத்துப் போய், திறந்து பார்த்து, ஆண்கள் பனியனைக் கண்டு அலறினார். கண்டக்டருடையது தனியாக அசைந்து வந்தது. அவள் ரவிக்கை தைத்தபோது மிஞ்சிய கிளிப்பச்சைத் துணியைக் கைப்பிடியில் முடிந்திருந்தார். அந்தப் பச்சை நெருங்க நெருங்க, பக்கத்தில் நின்று யாரோ 'அதோ, அதோ' என்று அவசரப்படுத்துவது போல இருந்தது.

நோட்டு பொய் சொல்லவில்லை. 'கழிவறை கண்ணுல பட்டா வருதோ இல்லையோ போயிட்டு வந்துடுங்க. தேடும்போது அது கிடைக்காது.' அவர் இதை வாசித்துச் சொல்லியும் கேட்காமல் வீம்பு பண்ணியவர்கள் கோட்டை மதிலோரம் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள். 'மேலேருந்து இறங்கி வர்றவங்க, இன்னும் கொஞ்சந்தான்னு சொன்னா நம்பாதீங்க.' நம்பி ஏறிய நாலு பேர் பாதிக் குன்றில் உட்கார்ந்து கைடு பெண்ணைச் சபித்தார்கள். 'புதுச் செருப்பு போட்டுட்டுப் போகாதீங்க.' டீச்சர் புதுச் செருப்பு போட்டு வந்திருந்தார்.

"யாரு எழுதினது அண்ணே? பெரிய அனுபவசாலியா இருப்பாங்க போல!" என்றார், கொப்புளத்துக்குப் பஞ்சு வைத்தபடி.

"வீட்ல எழுதினது. அவ எங்கேயும் போனதில்ல."

டீச்சர் வாதம் எதுவும் பண்ணாமல் புதுச் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். அதுவே அந்தப் பயணத்தில் பெரிய அதிசயம் என்றார்கள்.

கணக்கு மட்டும் ஒத்துவரவில்லை. அரண்மனை வாசலில் இருபத்தைந்து. படகுத்துறையில் இருபத்தைந்து. "உங்க பக்கத்து சீட்டு காலியா இருக்குல்ல, ஜோடி ஜோடியா எண்றதுல அதையும் சேர்த்துடறீங்க" என்று டீச்சர் தீர்ப்புச் சொல்லி, தன் கைப்பையை அந்த இருக்கையில் வைத்தார். "இனிமே இது பை. தலை இல்ல. சரியா?"

சரியாகத்தான் பட்டது. ஆனால் அடுத்த இடத்தில், வெட்ட வெளியில் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, தன் நெஞ்சில் ஒரே ஒரு தடவை தட்டி எண்ணினார். இருபத்தைந்து. எந்த முகம் கூடுதல் என்று பார்க்கத் தலை நிமிர்ந்தால், எல்லாம் தெரிந்த முகங்களாக இருந்தன. அன்று எடுத்த புகைப்படத்தில் அவர் ஓர் ஆள் இடம் விட்டு ஓரமாக நிற்கிறார். எடுத்துக் கொடுத்த அந்நியர் 'நடுவில் வா, நடுவில் வா' என்று கைகாட்டியும் அவர் நகரவில்லை.

பிறகு அவருக்கு அது பழகிப்போயிற்று. பழகியது மட்டுமா? ஒவ்வொரு நிறுத்தத்திலும் இருபத்தி நாலு வந்ததும், அடுத்தது இருக்கிறதா என்று பயந்துகொண்டே எண்ணினார். இருந்தது. அப்புறம்தான் சட்டைப்பையில் கொண்டுவந்திருந்த பழைய விசிலை ஊதினார்.

கடைசி நாள் கலங்கரை விளக்கம். சுற்றுலா விளம்பரப் புத்தகத்தின் அட்டையில் இருந்ததும், அதை வெட்டி அவள் நோட்டில் ஒட்டியிருந்ததும் அதுதான். சுற்றுப் படிகள் ஏறினால் உச்சியில் ஒரு குறுகல் மாடம். ஒரு தடவைக்கு இரண்டே பேருக்குத்தான் அனுமதி. காவலாளி சங்கிலியை விலக்கினார், கண்டக்டர் தனியாக உள்ளே போனார். பின்னாலேயே நுழையப்போன டீச்சரின் முன் சங்கிலி விழுந்தது.

"அவரு ஒருத்தர்தானேய்யா போனாரு!"

காவலாளிக்குப் பாஷை புரியவில்லை. பொறுமையாக இரண்டு விரலைக் காட்டினார். உள்ளே சுட்டிக் காட்டினார். மறுபடியும் இரண்டு விரல்.

டீச்சர் சங்கிலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்; ஒரே ஒரு முதுகுதான் தெரிந்தது.

மாடத்தில் காற்று ஆளைத் தூக்கியது. கண்டக்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தார். வரிசையில் ஆட்கள் முணுமுணுக்கவே, பாதியில் திரும்பி மளமளவென்று இறங்கிவிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

கீழே வண்டி உறுமிக்கொண்டிருந்தது. சாயங்காலம் விமானம். கண்டக்டர் பின்னாலிருந்து எண்ணி வந்தார். இருபத்திரண்டு, இருபத்தி நாலு. அவ்வளவுதான். இன்னொரு தடவை எண்ணினார். இருபத்தி நாலு.

"அப்பாடா! கிளம்புற அன்னிக்காவது கணக்கு நேர் ஆச்சே" என்று கைடு பெண் கை தட்டினாள். வண்டி நகர்ந்தது.

"ஹோல்டான்!"

முப்பத்தொரு வருடக் குரல். டிரைவருக்கு அந்தச் சொல் தெரியாது, ஆனாலும் பிரேக் போட்டுவிட்டார்.

"ஒரு ஆள் குறையுது."

கைடு பெண் பட்டியலை எடுத்துப் பெயர் பெயராகக் கூப்பிட்டாள். இருபத்தி நாலு பெயருக்கும் பதில் வந்தது. "எல்லாரும் இருக்காங்களே ஐயா! ஃபிளைட்டை விட்டுடுவோம்."

"எனக்கு ஒரு கால் மணி நேரம் குடும்மா. ஏற வேண்டியவங்க ஏறல. நான் எப்படி ரைட் சொல்லுவேன்?"

பின்சீட்டில் யாரோ சலித்துக்கொண்டார்கள். டீச்சர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அடங்கிவிட்டது. "போயிட்டு வாங்க அண்ணே," என்றார் மெதுவாக. "வண்டி நிக்கும்."

நோட்டின் கடைசிப் பக்கம் அவருக்கு மனப்பாடம். 'கூட்டத்துல பிரிஞ்சுட்டா தேடி அலையாதீங்க. கடைசியா சேர்ந்து நின்ன இடத்துல போய் நில்லுங்க. நானும் அங்கதான் வருவேன்.'

மறுபடியும் சுற்றுப் படிகளை ஏறினார். காவலாளி அவரைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார். பின்னால் வந்த வேறொருவரையும் சேர்த்து உள்ளே விட்டார். அந்த ஆள் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கண்டக்டர் அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நகல் எடுக்கப் போனேன்," என்றார் காற்றைப் பார்த்து. "மிஷின் ரிப்பேர். இருபது நிமிஷம் ஆயிடுச்சு. அதை உன்கிட்ட சொல்லவே இல்ல."

கடல் அதுபாட்டுக்கு இருந்தது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, அவருடைய சட்டையைப் படபடக்க வைத்துக்கொண்டிருந்த காற்று, இடது பக்கம் மட்டும் அடங்கியது. அந்தப் பக்கம் யாரோ வந்து மறைத்து நின்றால் அடங்குமே, அதுபோல. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இருக்காதோ என்ற பயம்.

வெளியே வந்தபோது காவலாளி சங்கிலியை விலக்கினார். கண்டக்டர் தாண்டிய பிறகும் உடனே போடவில்லை. மெல்ல நடக்கும் யாருக்கோ வழி விடுவதுபோல ஒதுங்கி நின்று, பிறகு வரிசையைப் பார்த்து இரண்டு விரல் காட்டினார். இரண்டு பேர் வரலாம்.

வண்டி வாசலில் கண்டக்டர் உடனே ஏறவில்லை. ஓரமாக ஒதுங்கி, படிக்கட்டை விட்டு நின்றார். கண்டக்டர் எப்போதும் கடைசியில்தான் ஏறுவார்.

"எண்ணலையா ஐயா?" என்றாள் கைடு பெண்.

"எண்ணியாச்சும்மா."

அவர் தன் இருக்கைக்கு வந்தபோது, பக்கத்து சீட்டில் இருந்த கைப்பையை டீச்சர் யாரும் சொல்லாமலே எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

கண்டக்டர் விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார்.