வலி என்று நான் சொன்னது

பட்டிமன்ற மேடையில் எதிரணி பேசி முடிக்கும் முன்பே அதற்கான மறுப்பு என் நாவில் தயாராக நிற்கும். மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவிலும் அந்தத் திறமை என்னைக் கைவிடவில்லை. என் கால் தேறத் தாமதமானதற்கு அதுவும் ஒரு காரணம்.

வீரபாண்டி சாலையில், சாயப்பட்டறைக்குத் தண்ணீர் கொண்டுபோன லாரி என் வண்டியை இடித்துத் தள்ளியது. அறுவை சிகிச்சைக்குப் பின் எலும்பு கூடிவிட்டது. இனி ஊன்றி நடந்து பழகாவிட்டால் முழங்கால் மூட்டு இறுகிவிடும் என்று எச்சரித்தார், எனக்குப் பயிற்சி அளித்த பிசியோதெரபி அம்மையார். ஆனால் நடைப் பயிற்சிக்காக இருபுறமும் நிறுத்திய கம்பிகளைப் பிடித்து எழுந்தாலே எனக்கு உள்ளங்கை வியர்த்தது, மூச்சு அடைத்தது. வெளியே லாரி ஒன்று ஹார்ன் அடித்தால் போதும், பாதம் தரையைத் தொட மறுத்தது.

"வலிக்குதுங்க மேடம்" என்று உட்கார்ந்துவிடுவேன். வலிக்கு அங்கே மரியாதை இருந்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அதன் மயக்கத்தில் பயிற்சி மேலும் குறைந்தது.

மனநல மருத்துவர் ஒருமுறை வந்து, உறக்கம் எப்படி என்று கேட்டார். துன்பத்தை வெல்லும் மன உறுதி குறித்து அவருக்கே ஒரு சிற்றுரை ஆற்றினேன். பக்கத்துக் கட்டில் பெரியவர் கைதட்டினார். "டாக்டருக்கே கிளாஸ் எடுத்துட்டான் பாருங்க பையன்!" கண்ணை மூடினால் லாரிச் சக்கரம் தெரிவதை மட்டும் அந்த உரையில் நான் சேர்க்கவில்லை.

ஒருநாள், பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்து, தலைமுடியில் பஞ்சுத் தூசியுடன் அம்மா வந்திருந்தார். நான் வழக்கம்போல் பாதியில் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க தம்பி, எந்த எடத்துல வலிக்குது? ஒரு விரல வெச்சுக் காட்டுங்க" என்றார் பிசியோதெரபி அம்மையார்.

விரல் முழங்காலுக்குப் போனது. அங்கே வலி இல்லை. தொடையிலும் இல்லை. கை தானாக நெஞ்சுக்கு வந்தது.

"அய்யோ கண்ணு, ஹார்ட்டா?" என்று அம்மா அலறினார்.

"இல்லம்மா. பயமா இருக்குது. லாரிச் சத்தம் கேட்டாலே…" வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

"பயமா? அத்தன பேரு முன்னாடி மைக்கப் புடிச்சுப் பேசறவனுக்கா?"

"அவருக்குந்தானுங்க" என்றார் பிசியோதெரபி அம்மையார். "அதுக்கும் வைத்தியம் இருக்குது. மனசு டாக்டர மறுபடி வரச் சொல்றேன். தம்பி, இந்தவாட்டி கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. இப்ப ஜன்னலச் சாத்தட்டுமா?"

"சாத்துங்க" என்றேன்.

அம்மாவே போய்ச் சாத்தினார். கம்பிகளைப் பிடித்து மீண்டும் எழுந்தேன். கால்விரல்களும் பாதத்தின் முன்பகுதியும் தரையில் பதிந்தன. குதிகால் அன்று இறங்கவில்லை.