மண்ணிறம் பத்தவில்லை

பதுளையில் நடந்த கலாசார விழாவில் எனக்கொரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் என் பெயருக்கு முன்னால் "வளர்ந்து வரும் கண்ணாடிக் கலைஞர்" என்று போட்டிருக்கிறது. எனக்கு வயது முப்பத்தெட்டு. என்னிடம் இப்போது வளர்வது வயிறு மட்டும்தான், தலைமுடி வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. இருந்தாலும் சான்றிதழுக்கு நானே கண்ணாடி வெட்டி, நானே சட்டம் போட்டு, கடையில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மாட்டினேன். ஒரு அம்மா அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "கலைஞருன்னா கூலி கூடவா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்றதும் நிம்மதியாக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வாங்கிப் போனார்.

கடை என்னுடையது அல்ல, இத்ரூஸ் நானாவுடையது. பதினாறு வருடமாக அங்கே அலுமாரிக் கண்ணாடி, ஜன்னல் கண்ணாடி, கல்யாணப் படம், செத்தவர் படம் எல்லாம் என் கையால்தான். வீடு ஹாலிஎலவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் ஒன்று. நான் மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நேராக வீட்டுக்குப் போகிற ஆள் இல்லை. சந்தியில் ஒரு பார் இருக்கிறது. அங்கே மண்ணிறப் போத்தலில் வருகிற ஒரு பியர் உண்டு. அதற்கும் எனக்கும் இருந்த பற்று, என் மனைவி டிலானி சொல்வது போல, தாலி கட்டாத குறைதான்.

குடித்ததைவிட மறைத்ததில்தான் என் திறமை தெரிந்தது. இருட்டில் கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் குடித்தபின் வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுக்கலாம், ஆனால் பகலில் தூக்கிக்கொண்டு போனால் வழி நெடுக ஊர் பார்க்கும். அதனால் கோழிக்கூட்டுக்கு அடியில், விறகுக்கட்டுக்குப் பின்னால், கூரைத் தகரத்துக்கும் மரத்துக்கும் இடையில் என்று ஒளித்து வைத்தேன். டிலானிக்கு ஒன்றுமே தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தை பார்க்கிற வேலை செய்கிறவள். முப்பது குழந்தைகள் எதை எங்கே ஒளிக்கும் என்று தெரிந்தவளுக்கு முப்பத்தொன்றாவது குழந்தை ஒரு பொருட்டா?

தை மாதம் ஒருநாள் அவள் பையைக் கட்டினாள். சத்தம் போடவில்லை. "நான் பூனாகலைக்கு அம்மா வீட்டுக்குப் போறேங்க. போத்தல் இல்லாத வீடா ஆனதும் சொல்லுங்க, வர்றேன்" என்றாள். அவ்வளவுதான்.

அந்த வாரம் துக்கத்தைத் தீர்க்க இன்னும் கொஞ்சம் குடித்தேன். அடுத்த வாரம் கை நடுங்கி, ஒரு கல்யாணப் பெண்ணின் மேசைக் கண்ணாடியைக் கோணலாக வெட்டினேன். இத்ரூஸ் நானா திட்டவில்லை. வெட்டும் கருவியை என் கையிலிருந்து வாங்கி மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினார். "கை நடுக்கம் நின்ட பொறகு வா" என்றார். பதினாறு வருடத்தில் அவர் லாச்சியைப் பூட்டி நான் பார்த்ததில்லை. எனக்கு உண்மையில் பயம் பிடித்தது அன்றைக்குத்தான். பொண்டாட்டியும் போய், கையும் போனால் மிச்சம் இருப்பது வயிறு மட்டும்தானே. அன்றோடு நிறுத்தினேன். சொல்லும்போது ஒரு வரி, செய்யும்போது இரண்டு மாதம்.

கை நடுக்கம் நின்றது. அப்போதுதான் கோயில் விஷயம் வந்தது. எங்கள் தோட்டத்து மாதா கோயிலில் பீடத்துக்குப் பின்னால் இருந்த ஜன்னல் காற்றில் உடைந்து, இரண்டு வருடமாகத் தகரம் அடித்துக் கிடந்தது. நான் பாதரிடம் போய், திருநாளுக்குள் வண்ணக் கண்ணாடியில் மாதாவைச் செய்து தருகிறேன் என்று வாயை விட்டேன். வண்ணக் கண்ணாடி கொழும்பில் விற்கிற விலைக்குக் கோயிலையே விற்க வேண்டும். அதனால் போத்தலை நீளவாக்கில் வெட்டி, சூளையில் வைத்துத் தட்டையாக்கும் வழியைப் பிடித்தேன். தேயிலைத் தொழிற்சாலையில் கழித்துப் போட்ட சூடு தாங்கும் கற்களை அடுக்கி வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறு சூளையும் கட்டினேன்.

கோயில் வாசலில் ஒரு சாக்கை வைத்து, வெறும் போத்தல் போடுங்கள் என்று எழுதினேன். ஒரு வாரம் சாக்கு காற்று வாங்கியது. எங்கள் தோட்டத்தில் யாருமே குடிப்பதில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது! பிறகு ஒவ்வொருவராக என் வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். "இது தேன் வாங்கின போத்தலு", "இது நல்லெண்ணெய் வாங்கினது." தோட்டமே நல்லெண்ணெயில்தான் நீந்துகிறது போல. துரை பங்களாச் சமையல்காரர் நீலப் போத்தல் மூன்று கொண்டுவந்து, "இது துரைக்கு மருந்து வந்தது" என்றார். மாதாவுக்கு நீல முக்காடு ஆயிற்று. பச்சை தேயிலை ஆயிற்று. மாதா நிற்கும் மலைக்கு மண்ணிறம் வேண்டும். அதை யாரிடமும் கேட்கவில்லை. கோழிக்கூட்டுக்கு அடியிலும் கூரையிலும் இருந்ததை எல்லாம் நானே எடுத்துக் கழுவினேன். மலை முழுவதும் என் சொந்தச் சம்பாத்தியம்.

ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? அந்த வழியாகப் போன யாரோ பூனாகலையில் சொல்லிவிட்டார்கள். டிலானி எனக்குப் போன் பண்ணினாள்.

"வீடு நெறையப் போத்தலாமே?"

"அது மாதாவுக்கு."

"மாதாவா குடிச்சாங்க?"

"இல்ல டிலானி, கோயில் ஜன்னலுக்கு. நான் விட்டு மூணு மாசமாச்சு."

"திருநாளுக்கு வர்றேன். பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பார்கள். நான் குடியை விட்டபிறகும் என் பேச்சை நம்ப ஆள் இல்லை.

திருநாளுக்கு முதல் நாள் காலை, கோயிலில் சட்டத்தைப் பொருத்தும்போது கலைஞர் தன் கலையைக் காட்டினார். மாதாவின் பாதத்துக்கு நேர் கீழே வரவேண்டிய மண்ணிறத் துண்டைக் கீழே போட்டுச் சுக்குநூறாக்கினேன். வேறு மண்ணிறம் மிச்சமில்லை. உள்ளங்கை அளவு ஓட்டை ஒன்று வாய் பிளந்து நின்றது.

உபதேசியார் மத்தேயு மாமா பக்கத்தில் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். "இதுக்கு ஏன் மொகத்தைத் தொங்கப் போடுற? சந்தியில ஒண்ணு வாங்கு. ஊத்திட்டு வெறும் போத்தலக் கொண்டா."

"எங்க ஊத்துறது மாமா? எனக்குத் தெரிஞ்ச எடம் ஒண்ணுதான்."

"அப்ப வெறும் போத்தலாவே கேளு."

"அந்தக் கடைக்குள்ள போனா நான் வெறும் போத்தலோட வரமாட்டேன். நீங்க போய் வாங்கிட்டு வாங்களேன்."

அவர் ஏணியை விட்டுவிட்டார். நான் விழாதது மாதாவின் கிருபை. "நானா? திருநாளும் அதுவுமா நான் போயி அந்தக் கடையில நிக்கிறதா? நாளைக்குப் பூசையில வாசகம் வாசிக்கிறவன்டா நான்!"

நான் பஸ் ஏறினேன். சந்தியில் பஸ் நின்றபோது பாரின் பக்கம் பார்க்காமல் எதிர்ப்பக்கச் சாக்கடையை மிகுந்த ஆர்வத்தோடு பார்த்தேன். இரண்டு நிமிடம்தான் நின்றது. எனக்கு வியர்த்துவிட்டது. பதுளையில் இத்ரூஸ் நானாவிடம் சாதாரண ஜன்னல் கண்ணாடியில் ஒரு துண்டு வெட்டி வாங்கி வந்து ஓட்டையில் வைத்தேன். அழகான மலைக்கு நடுவில் ஓட்டைப் பல் மாதிரித் தெரிந்தது.

மறுநாள் காலைப் பூசையில் வெயில் ஏறியது. பாதரின் வெள்ளை அங்கியில் நீலமும் பச்சையும் விழுந்தன. சனம் மூச்சு விடாமல் பார்த்தது. ஆளாளுக்கு அவரவர் நல்லெண்ணெய்ப் போத்தலைத் தேடினார்கள் என்று நினைக்கிறேன். அந்த வெள்ளைத் துண்டு வழியாக வந்த வெயில் மட்டும் நிறமில்லாமல் நேராக வந்து, வாசகம் வாசித்த மத்தேயு மாமாவின் கண்ணில் அடித்தது. பாவம், இரண்டு வரியை விட்டுவிட்டு வாசித்தார்.

டிலானி பெண்கள் பக்கம் கடைசி வாங்குப் பலகையில் இருந்தாள். காலடியில் ஒரு பை. பூசை முடிந்து எல்லாரும் போனபிறகு பீடத்துக்குக் கிட்ட வந்து நின்றாள். நான் திருட்டுப் பிள்ளை மாதிரிப் பின்னால் நின்றேன்.

"அந்த மண் கலர் எல்லாம் கோழிக்கூட்டுக்கு அடியில இருந்ததுதானே?"

"ஆமா."

"கூரையில இருந்ததும்?"

அவளுக்குக் கூரையும் தெரியும். "ஆமா."

"எனக்குத் தெரியாம ஒளிச்சு வச்சதை எல்லாம் கோயில்ல கொண்டாந்து நட்டு வச்சிருக்கீங்க." சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பிறகு விரலை நீட்டினாள். "அது ஏன் வெள்ளையா இருக்கு?"

கலைஞன் என்றால் அங்கே ஒரு விளக்கம் சொல்லியிருக்க வேண்டும். கடவுளின் ஒளி, அது இது என்று. எனக்கு வாயில் வந்தது ஒன்றுதான்.

"மண் கலர் பத்தல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கையை எடுத்து விரித்து, நடுங்குகிறதா என்று பார்த்தாள். பல வாரமாக நடுங்காத கை அந்த நேரம் பார்த்து நடுங்கித் தொலைத்தது. அவள் அதை விடவில்லை.

"கெடைச்சா மாத்துவீங்களா?"

"மாத்தணும். பார்க்க நல்லால்லையே."

"மாத்தாதீங்க" என்றாள். "அது அப்படியே இருக்கட்டும்."

பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பூனாகலைக்குப் பஸ் பிடிக்கும் ரோட்டுக்கு இறங்கவில்லை. லயத்துக்குப் போகும் மேட்டுப் பாதையில் ஏறினாள். நான் கோயில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பாதி மேடு ஏறிய பிறகுதான் நினைவுக்கு வந்தது: வீட்டில், கட்டிலுக்கு மேலேயும் கீழேயும், மிச்சப் பச்சைப் போத்தல் இரண்டு சாக்கு கிடக்கிறது.

"டிலானி, கொஞ்சம் நில்லு!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன்.

அவள் திரும்பாமலே சொன்னாள்: "தெரியும், வாங்க."