கற்பூரச் சீப்பு

அலமாரியில் கிடந்த அப்பாவின் பழைய செல்லுலாய்டு மூக்குக்கண்ணாடிச் சட்டத்தை இன்று துணியால் அழுத்தித் துடைத்தபோது கற்பூரம் மணந்தது. மறுகணம் நான் சித்திரக்குளத்துப் பக்கம் எங்கள் பழைய வீட்டுக் கிணற்றடியில் இருந்தேன். இப்போது அந்தக் கிணறும் இல்லை, வீடும் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய் முழுக்கு முடிந்து, சீயக்காய் வாசனையும் ராட்டினத்தின் கிறீச்சொலியுமாக, ஈரத்தலையோடு வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் அங்கே வரிசையாக உட்கார்ந்து, பாதிப் பல் போன ஒரே மரச்சீப்புக்காகக் காத்திருப்போம்.

அப்படியொரு வெள்ளிக்கிழமை, மாமா டிராம் ஏறிப் போய்ச் சைனா பஜாரில் எனக்கென்று வாங்கி வந்த செல்லுலாய்டு சீப்பை எடுத்துக்கொண்டு வந்தேன். யானைத் தந்தம் போலப் பளபளத்தது.

"எலும்புடீ அது! தெருவிலே போட்டுட்டு வா, ஆத்துக்குள்ள வரப்படாது" என்றாள் வீட்டையே ஆண்ட பெரியம்மா.

நான் அழவில்லை. கோபத்தில் சீப்பைப் பாவாடையில் பரபரவென்று தேய்த்துக்கொண்டே நின்றேன். சூடேற ஏற, சீயக்காயையும் மீறிக் கற்பூரம் மணந்தது. பஞ்சையும் கற்பூரத்தையும் சேர்த்துத்தான் செல்லுலாய்டு செய்கிறார்கள் என்பதை வெகுகாலம் கழித்தே படித்தேன். அன்றைக்கு என் மூக்கே போதுமாக இருந்தது.

"எலும்பு இப்படி மணக்குமா பெரியம்மா?" என்று நீட்டினேன்.

முகர்ந்தாள். கண்ணை மூடினாள். பழக்கதோஷத்தில் இரண்டு கையையும் சீப்பின் மேல் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கிணற்றடியே சிரித்தது. பெரியம்மா அசரவில்லை, கூந்தலை விரித்துப்போட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"என்ன சிரிப்பு? வாரிவிடுடீ."