ஆறாவது மந்திரம்

பதினேழு வயதில் கடலடியில் தண்ணீரின் அழுத்தத்தில் என் இடது காது உடைந்தது. அதன் பிறகு ஆழத்துக்கு இறங்க முடியவில்லை. சங்கு குளிக்கும் வள்ளத்தில் கயிறு பிடிக்க உட்கார்ந்தேன். என் மனைவியின் அண்ணன் மூழ்கிச் சங்கு எடுப்பார். அவருடைய இடுப்புக் கயிறு என் கையில் இருக்கும். எனக்குப் பிடித்த வேலை அது. யாரோடும் பேச வேண்டியதில்லை.

எங்களிடம் கடிகாரம் கிடையாது. அவர் தலை தண்ணீரில் மறைந்ததும் மாதாவை வேண்டும் அருள் நிறைந்த மந்திரத்தை வாய்க்குள் சொல்லத் தொடங்குவேன். நாலு சொல்லும்போது கீழிருந்து கயிற்றைச் சுண்டுவார். இழுப்பேன். சுண்டாவிட்டாலும் ஐந்து முடிந்ததும் இழுத்துவிட வேண்டும். அதற்கு மேல் அவருக்கு மூச்சு நில்லாது.

எட்டுப் பாகம், எட்டு ஆள் ஆழம். கரைக்காற்று விழுந்து கடல்காற்று எழும்புமுன் ஒரு நேரம் உண்டு. கடல் அசையாமல் கிடக்கும். கயிறு பச்சை வெளிச்சத்துக்குள் இறங்கி, போகப்போக மெலிந்து, இல்லாமல் போகும். தூரத்தில் நங்கூரமிட்ட கப்பலின் புகை நின்ற இடத்திலேயே நிற்கும். மந்திரம் ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம் போவேன். வள்ளத்தில் இருக்கிறேனா, வீட்டுப் பாயில் கிடக்கிறேனா என்று தெரியாது. இன்றைக்கும் அதை நினைத்தால் கண் தானாகச் செருகுகிறது.

உலகச் சண்டை முடிந்த மறுவருஷமாக இருக்கலாம். ஒரு காலையில் வள்ளத்தில் எல்லோரும் பழையசோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் இரண்டாம் முறை சட்டியில் கை வைத்தேன். அரிசி கிடைக்காத காலம். மச்சான் எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொன்னார்.

"ஏ மாப்பிள, முளக்குச்சிக்கும் ஒனக்கும் என்ன வித்தியாசம் தெரியுமா? ரெண்டுலயும் கயிறக் கெட்டலாம். முளக்குச்சி சோறு கேக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கையைக் கடலில் கழுவினேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் இறங்கினார். நான் மந்திரம் சொன்னேன். ஐந்தாவது முடியும்போது கயிறு சுண்டியது. விரலில் நன்றாகத் தெரிந்தது. நான் இழுக்கவில்லை. ஆறாவதைத் தொடங்கினேன். அவசரப்படவும் இல்லை. கடைசியில் மரண நேரம் என்று வருகிற இடத்தையும் ஒரு சொல் விடாமல் சொன்னேன். அதற்குள் கயிறு இரண்டு மூன்று தடவை சுண்டியது. பிறகு சுண்டவில்லை. அப்போதுதான் இழுத்தேன்.

மூக்கில் இரத்தத்தோடு மேலே வந்தார். குப்புறப் போட்டு முதுகைத் தேய்த்தோம். தண்ணீரைக் கக்கினார். கண் திறந்ததும், கயிறு பாறையில் சிக்கியிருக்கும் என்று அவராகவே சொன்னார். நான் தலையை ஆட்டினேன். பொய் சொல்வதற்குக்கூட எனக்கு வாய் தேவைப்படவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் செபமாலை. மந்திரத்தின் முன்பாதியை மனைவி சொல்ல, பின்பாதியை நான் சொல்ல வேண்டும். மரண நேரம் வருவது பின்பாதியில்தான். என் குரல் எழும்பவில்லை. அவளே முழுவதையும் சொல்லி முடித்தாள். மறுநாளும் அப்படியே. தொண்டைக் கட்டு என்று நினைத்து சுக்கும் கருப்பட்டியும் காய்ச்சித் தந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் குடித்தேன். அவளுக்கு இருப்பது ஒரே அண்ணன்.

இரண்டு நாள் படுத்திருந்துவிட்டு மச்சான் மறுபடி குளிக்க வந்தார். கயிற்றை என் கையில்தான் தந்தார். எனக்கோ இரண்டு மந்திரம் முடியுமுன் பயம் பிடித்துவிடும், இழுத்துவிடுவேன். வெறுங்கையோடு மேலே வந்து, சங்கைத் தொட விடமாட்டாயா என்று ஏசுவார். அவர் ஏச ஏச எனக்கு ஆறுதலாக இருந்தது.

சனிக்கிழமை கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், செய்த பாவத்தைச் சொல்ல முழந்தாளிட்டேன். கேட்கவில்லை, சத்தமாகச் சொல் என்றார் சாமியார். ஒரு காது போனவனுக்குத் தன் சத்தத்தின் அளவு தெரியாது. வரிசையில் முக்காட்டோடு நின்ற பெண்களுக்குக் கேட்டிருக்குமோ என்று உடம்பெல்லாம் வேர்த்தது. ஆனாலும் சொல்லி முடித்தேன். அவர் பாவப் பொறுத்தல் தந்தார். பிறகு தணிந்த குரலில் பேசினார்.

"திங்கக்கெழம அவன் ஒன் கைய நம்பித்தானப்பா எறங்குவான். அவன்கிட்டச் சொல்லாம அந்தக் கயிறத் தொடாத."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கடற்கரைக்குப் போனேன். கரையேற்றிய வள்ளத்தின் நிழலில் மச்சான் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் நின்றபடியே சொன்னேன்.

"மச்சான், அன்னைக்குக் கயிறு சிக்கல. நீங்க சுண்டினது எனக்குத் தெரிஞ்சுது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எம்புட்டு நேரம்?"

"ஒரு மந்திரம்."

"முழுசாவா?"

"முழுசா."

எழுந்து வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு நடந்துபோனார். ஏசியிருக்கலாம், அடித்திருக்கலாம்.

திங்கட்கிழமை கயிறு வேறொருவர் கையில் இருந்தது. நான் வள்ளத்தில் ஊறும் தண்ணீரை இறைக்க வேண்டும் என்று சொன்னார்கள். அவரோ யாரிடமும் எதையும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தால் அந்தக் கரையில் எனக்கு ஒரு வள்ளமும் கிடைத்திராது.

அன்று அவர் தலை மறைந்தபோது என் வாய் தானாக மந்திரத்தைத் தொடங்கியது. கையில் கயிறு இல்லை. எத்தனை சொன்னேன் என்பது யாருக்கும் தேவையில்லை. மரண நேரம் வரும் இடத்தில் நின்றுவிடுவேன் என்று பயந்தேன். நின்றேன். அவர் கீழே இருந்தார். நான் நின்றால் ஆகாது என்று தோன்றியது. அந்தச் சொல்லைச் சொல்லித் தாண்டினேன். இத்தனை வருஷம் மந்திரத்தால் நேரத்தைத்தான் அளந்திருக்கிறேன், மாதாவிடம் ஒன்றும் கேட்டதில்லை. அன்றுதான் கேட்டேன். அவர் தலை வெளியே தெரியும்வரை கேட்டேன்.

அந்தச் சங்கு குளிக்கும் காலம் முழுவதும் அப்படித்தான் போனது. அவர் மூழ்கும்போது தொடங்குவேன், தலை தெரிந்ததும் நிறுத்துவேன், தண்ணீர் இறைப்பேன். மேலே வரும்போது என் உதடு அசைந்து ஓய்வதை அவர் பார்ப்பார், ஆனால் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணை மூடினால் நானும் அவரோடு பச்சைத் தண்ணீருக்குள் இறங்குவதுபோல் இருக்கும். உடைந்த காது வலிக்காது.

காற்று மாறத் தொடங்கிய நாட்களில் ஒரு காலை. மச்சான் தண்ணீரில் இறங்கி, வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்தபடி மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தார். கயிறு பிடிக்கிறவர் ஆயத்தமாக இருந்தார். மச்சான் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"சொல்லுதியா?"

"சொல்லுதேன், மச்சான்."

மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளே போனார்.