ஏப்பத்துக்கு வந்த ஆம்புலன்ஸ்

இறால் தொக்கை அளவில்லாமல் தின்றுவிட்டு, வாயுப்பிடிப்பை மாரடைப்பு என்று நம்பி ஆம்புலன்ஸை வரவழைத்தவன் நான். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி மாட்டிக்கொண்டபோது, மனைவிக்கான கடைசி வார்த்தைகளை மனதுக்குள் பிழைதிருத்திக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நீண்ட ஏப்பம் ஒன்று வந்தது. வலி போயே போய்விட்டது.

பக்கத்தில் இருந்த முதலுதவியாளர் செல்வம், என் இதயத்துடிப்பு ஓடும் திரையைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விசும்பல்தான் கேட்டது.

"ஒன்னும் இல்ல சார், நல்லா கீற. காலைல இதே ஸ்ட்ரெச்சர்ல ஒரு கொயந்த போயிடுச்சு. கழுவிட்டு அடுத்த கேஸுக்கு ஓடியாந்துட்டோம். ரொம்ப நாளா தூக்கமே இல்ல சார்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொன்னா கலாய்ப்பானுங்க."

முன்னாலிருந்து டிரைவரின் குரல் வந்தது: "எனக்கும் தூக்கம் இல்ல மாமு. நீ கலாய்ப்பேன்னுதான் சொல்லல."

ஒரே வண்டியில், ஒருவருக்கொருவர் பயந்து இத்தனை நாள் ஓட்டியிருக்கிறார்கள். பிறகு இருவரும் சேர்ந்தே மனநல மருத்துவரைப் பார்த்தார்கள்.

போன வாரம் திருவொற்றியூர் டீக்கடையில் செல்வத்தைப் பார்த்தேன். இப்போது தூங்குகிறாராம். எனக்கு அப்பாடா என்றிருந்தது. "எல்லாம் என்னாலதானே?" என்றேன்.

"ஆமா சார். ஆனா அடுத்த தபா ஒரு ஏப்பம் வுட்டுப் பாத்துட்டு போன் பண்ணு."